நாலாவது ஸ்பூல்

அத்தியாயம் 11

போடிமெட்டு ரோட்டிலிருந்து இறங்கி வந்த ஜீப் வாசலில் நின்றதும் சந்தனமேரி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள் அல்லவா? அந்த ஜீப்பிலிருந்து அவளுடைய அண்ணன் ஞானஜோதிதான் இறங்கப் போகிறான் என்று நம்மில் பலர் ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருந்திருப்போம். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஐந்து வருஷமாக எந்த ஜீப் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அவளுக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இறங்கியவர் மைக் செட் சின்னையன்.

போடிநாயக்கனூர்க்காரர். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் சப்பரம், எதுவானாலும் மரத்துக்கு மரம் குழாயைக் கட்டி ஊரையே எழுப்பி விடுகிறவர். கட்சிக் கூட்டம் போடக் கூடாது என்று சர்க்கார் சொல்லிவிட்ட இந்த வருஷத்தில் அவருக்குக் கல்யாணங்கள்தான் கதி. கையில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். மேரிக்கு வந்த ஏமாற்றத்தில் "வாங்க" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

"என்ன தாயி, ஆளைத் தெரியலையா? ஒங்கண்ணன் பாட்டுக்கெல்லாம் நாந்தானே மைக்கு."

"தெரியாம என்னண்ணே? உள்ள வாங்க. சாயா போடுதேன்."

தெரியாமல் எப்படி இருக்கும்? ஞானஜோதியும் இந்தத் தேயிலை எஸ்டேட்டுப் பையன்கள் மூன்று பேரும் சேர்ந்து 'சைரன்ஸ்' என்று ஒரு ராக் குழு வைத்திருந்த காலம் அது. ஃபாக்டரியில் காலையும் மாலையும் ஊதுகிற சங்குதான் அந்தப் பேருக்குக் காரணம். தமிழில் பாடினார்கள், கிதாரைப் போட்டு அலற விட்டார்கள். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இளவட்டங்கள் லாரி பிடித்து அவர்கள் பின்னால் போனார்கள். முதலில் லாரி ஏறுகிற ஆள் எப்போதும் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன் கபிரியேல்தான். தன் பேரையாவது மறப்பான், எந்த ஊரில் எந்தப் பாட்டுக்கு எத்தனை விசில் விழுந்தது என்பதை மறக்க மாட்டான். ஞானஜோதியின் தங்கை என்பதற்காகவே மேரியைக் கட்டினான் என்று அவனைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அவன் மறுப்பதில்லை.

பாட்டு பிடிக்காதவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். மேரியின் அப்பா சுவக்கீன், எஸ்டேட் சிற்றாலயத்தின் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் செபம் சொல்கிற வாயால் ஒரு நாள் மகனைப் பார்த்து, "இது பிசாசு கூப்பாடு. இதைப் பாடுறவனுக்கு என் வீட்டுல எடம் கெடையாது" என்று சொல்லி, கிதாரைத் தூக்கி வாசலில் வைத்தார். கிதாரின் பின்னாலேயே மகனும் போனான். பிறகு பம்பாய் என்றார்கள், கப்பல் என்றார்கள். உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது.

அன்றிலிருந்து மேரியின் அம்மா செபமாலையம்மாள் புருஷனோடு பேசுவதில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், பேச மட்டும் மாட்டாள். "கஞ்சி ஆறிப் போகுதுன்னு அவருகிட்டச் சொல்லு" என்பாள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. மகனைத் திருப்பிக் கூப்பிட ஒரு அடிகூட எடுத்து வைக்காத மனுஷனிடம் என்ன பேச்சு என்பது அவள் கட்சி.

போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில், கோயிலில் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவக்கீனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. இப்போது மருமகன் கபிரியேலின் குவார்ட்டர்ஸில், ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலியில் இருக்கிறார். மிஞ்சியது இடது கை ஒன்றுதான். ஒரு தடவை அழுத்தினால் 'ஆமாம்'. கையை இழுத்துக்கொண்டால் 'வேண்டாம்'. மேரியும் அவரும் சேர்ந்து பழகிய பாஷை அது. கொஞ்ச நாளாக அந்தக் கையும் தானாகவே நடுங்குகிறது. அழுத்துகிறாரா, நடுங்குகிறதா என்று அவளுக்கே சில சமயம் பிடிபடுவதில்லை.

இனி சின்னையனின் தகரப் பெட்டிக்கு வருவோம்.

கபிரியேல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், பெட்டி திறந்திருப்பதைப் பார்த்ததும் கை கழுவாமலேயே அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டான். உள்ளே டேப் ரிக்கார்டரில் மாட்டுகிற ஸ்பூல்கள் நான்கு, அட்டை உறையோடு இருந்தன.

"எல்லாம் சைரன்ஸ் பாட்டு" என்றார் சின்னையன். "மைக் கட்டப் போற எடத்துல மிஷினையும் போட்டு விட்டிருவேன். பழகுன பயலுக, கெடக்கட்டுமேன்னு."

"அண்ணே!" கபிரியேல் ஒரு ஸ்பூலைக் கையில் எடுத்தான். "இது இருக்குன்னு இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே! அவுங்க ரெக்கார்டே போடல. இந்த ஒலகத்துலயே சைரன்ஸ் பாட்டு இருக்கது இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான்."

"யாரு கேட்டா? சுருட்டி வச்சதுதான். நானே திருப்பிப் போட்டுக் கேட்டதில்ல."

"குடுத்துட்டுப் போங்கண்ணே. என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

"பணம் வேணாம் தம்பி. டேப்பு வேணும்."

மேரிக்குப் புரியவில்லை. சின்னையன் சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு விளக்கினார். போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரத்திலிருந்து வாழ்த்துரை வரைக்கும் எல்லாவற்றையும் பதிவு பண்ணித் தரவேண்டும் என்று வியாபாரி சொல்லிவிட்டார். மதுரையில் டேப் இல்லை. மெட்ராஸில் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள்.

"என் கையில இருக்கது இந்த நாலும்தான். இதுமேலதான் பதியணும். பதிஞ்சா பழசு அழிஞ்சு போகும். மனசு கேக்கல தம்பி, அதான் மலையேறி வந்தேன். உபதேசியார் படிச்ச ஸ்பூலு ஒங்க வீட்டுல இருக்குதாமே? அதைக் குடுங்க, இதை வச்சுக்கிடுங்க. டேப்புக்கு டேப்பு. எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

எல்லோருடைய கண்ணும் ஜன்னல் பக்கம் போயிற்று. சுவக்கீன் அங்கேதான் இருந்தார். காது நன்றாகக் கேட்கும்.

பெரிய வெள்ளிக்கிழமையன்று வாசிக்கிற வியாகுலப் பிரசங்கத்தை சுவக்கீன் வாசித்தால் தொழிலாளர் லயங்கள் அத்தனையும் அழும். முன்பிருந்த பங்குச் சாமியார் அதை மூன்று ஸ்பூலில் பதிவு செய்து வைத்துவிட்டுப் போனார். அதைப் போட்டுக் கேட்க ஒரு மிஷினும் வீட்டில் உண்டு. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை ஓட்டை என்று வீசியதைக் கபிரியேல் பழுது பார்த்து வைத்திருந்தான். இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு அதைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள். பேச முடியாத மனுஷர் முன்வரிசையில் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டார். அவருடைய குரல் என்று இனி உலகத்தில் இருப்பது அந்த மூன்று ஸ்பூல்தான்.

"அது முடியாதுண்ணே" என்றான் கபிரியேல். சொன்ன வாய் சொன்னது, கை மட்டும் தகரப் பெட்டியை விடவில்லை.

மேரி அதைப் பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது. ஏனென்றால் அவள் மனசும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. அண்ணன் எப்படிச் சிரிப்பான் என்பதே அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. முகம் நினைவிருக்கிறது, சத்தம் நினைவில் இல்லை.

"குடுத்துரு."

அடுப்படி வாசலில் செபமாலையம்மாள் நின்றாள்.

"அம்மா, என்ன சொல்லுதீக?"

"குடுத்துருங்கேன். இவரு சத்தம்தானே எம்புள்ளைய வெளிய தள்ளுச்சு? அதைப் பொத்திப் பொத்தி வச்சு என்ன செய்யப் போறோம்? இவரு கண்ணு முன்னால இருக்காரு. தெனமும் பாக்கேன். எம்புள்ள எங்க கெடக்கானோ, அவன் சத்தமாவது வீட்டுக்குள்ள வரட்டும்."

"அத்தை, அடுத்த பெரிய வெள்ளிக்கு லயத்து ஆளுக கேட்டா என்ன சொல்றது?" என்றான் கபிரியேல்.

"உபதேசியார் பொஞ்சாதி குடுக்கச் சொன்னான்னு சொல்லு."

மேரி அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். யாருடைய குரலோ அவரைத்தான் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"அப்பா, ஒங்க ஸ்பூலைக் குடுத்துட்டு அண்ணன் பாட்டை வாங்கவா? ஒங்களுக்குச் சம்மதம்னா அழுத்துங்க."

கை அழுத்தியது. உடனே நடுங்கியது. மறுபடியும் அழுத்தியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. ஆனால் வாதம் வந்ததிலிருந்து அவர் கண்ணில் எதற்கும் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. மேரி அவர் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்றுதான் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சரிங்கிறாரு" என்றாள்.

செபமாலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இருப்பது மூன்று, வந்திருப்பது நான்கு. எதை விடுவது? இங்கேதான் கபிரியேலுக்குள் இருந்த பழைய ரசிகன் எழுந்து உட்கார்ந்தான். நான்கையும் தரையில் வரிசையாக வைத்தான். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்.

"ஒண்ணாவது நம்ம மாதா கோயில் திருநாள். மொதக் கச்சேரி. அதை விட முடியாது. ரெண்டாவது கஞ்சிக்கோட்டுல ஃபாக்டரி ஆண்டு விழா. ஷிப்டு முடிஞ்ச ஆளுக வீட்டுக்குப் போகாம நின்னு கேட்டாக. நான் அழுதுட்டேன். மூணாவது பீர்மேடு கிளப். அதைப் பத்திப் பேச்சே கெடையாது. ஜோதிக்குக் கிதார் கம்பி அறுந்து, மிச்சக் கம்பியிலயே பாடி முடிச்சான் பாரு, அன்னைக்குத்தான்."

"நாலாவது?" என்றாள் மேரி.

"போடிமெட்டு. அதை விட்டுறலாம்."

"அது அண்ணன் வீட்டை விட்டுப் போனப்பறம் கடைசியாப் பாடுனதில்லையா?"

"கடைசிங்கிறதுக்காகக் கெட்டதை வாங்குவாகளா? மழை. ஜோதிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. மைக்கு முழுக்க எரைச்சல். ஆளுகல்லாம் செக்போஸ்ட் பக்கம் ஒதுங்க ஓடிட்டாக. பாதியில நின்னு போன கச்சேரி. அதோட சைரன்ஸே கலைஞ்சு போச்சு, மத்த மூணு பேரும்கூட ஊரைவிட்டுப் போயிட்டாக."

"நீங்க போனீகளா?"

கபிரியேல் தொண்டையைக் கனைத்தான். சைரன்ஸின் கச்சேரிகளில் அவன் போகாதது அது ஒன்றுதான். அன்றைக்கு நைட் ஷிப்டில் மாட்டிக்கொண்டான். தான் போகாத கச்சேரி நன்றாக இருந்தது என்று எந்த ரசிகன் ஒப்புக்கொள்வான்?

"போனவுக சொன்னாக. ஜோதியே இங்க இருந்தாலும் இதைத் தூக்கி எறின்னுதான் சொல்லுவான்."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீக, நீங்க சொல்லுங்கண்ணே" என்று மேரி சின்னையனைக் கேட்டாள்.

"நான் எங்க தாயி கேட்டேன்? ஜெனரேட்டர் மேல தண்ணி எறங்கிருச்சு. லாரிக்குப் பின்னால அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். ரிக்கார்டரு பேட்டரில அதும்பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு." சின்னையன் மூன்றாவது ஸ்பூலைத் தட்டிக் காட்டினார். "இதுலயே போடிமெட்டு தொடக்கமும் கொஞ்சம் இருக்கும். நான் ஒரு சாண் நாடாவக்கூட வீணாக்க மாட்டேன். பீர்மேடு முடிஞ்ச எடத்துலயே அதைப் பதிய ஆரம்பிச்சேன். இதுல எடம் தீந்ததும் ஓடி வந்து அடுத்ததை மாட்டி விட்டுட்டுத் திரும்பி ஓடுனேன், மழையில மேடையை நிமிந்துகூடப் பாக்கல. மீதிதான் நாலாவதுல."

"அந்த வால் இருந்தாப் போதும்" என்று கபிரியேல் நாலாவது ஸ்பூலை எடுத்துச் சின்னையனின் பக்கம் தள்ளினான்.

அப்போதுதான் ஜன்னலோரத்தில் சத்தம் கேட்டது. சுவக்கீனின் இடது கை காற்றில் துழாவியது. பக்கத்து ஸ்டூலில் இருந்த டம்ளர் தட்டிப்பட்டு உருண்டது. தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. கை தரைப் பக்கம் நீண்டது, தகரப் பெட்டிப் பக்கம் நீண்டது, நாற்காலிக் கையில் ஓங்கி விழுந்தது.

"மாமாவுக்குத் தண்ணி வேணும்போல" என்றான் கபிரியேல்.

"தண்ணியுமில்ல ஒண்ணுமில்ல" என்று அடுப்படிக்குள்ளிருந்து குரல் வந்தது. "தன் ஸ்பூலு போகுதுன்னு ஆங்காரம். நாக்கு விழுந்தும் அதிகாரம் போகல பாரு."

மேரி தண்ணீர் கொடுத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் தாடையில் வழிந்தது. சின்னையன் அதைப் பார்க்க முடியாமல் எழுந்துவிட்டார். உபதேசியாரின் மூன்று ஸ்பூலையும் நாலாவதையும் பெட்டிக்குள் அடுக்கி, அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் வளைவில் திரும்புகிற வரைக்கும் சுவக்கீனின் கை ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது.

கபிரியேல் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "நான் வர்ற வரைக்கும் மிஷினைத் தொடாத மேரி, நாடா அறுந்தா போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மத்தியானத்தை மேரி எப்படிக் கழித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அப்பா கஞ்சியைத் தொடவில்லை. கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். வெளியே போகணுமா, படுக்கணுமா, வலிக்குதா? கையை இழுத்து இழுத்துக்கொண்டார். பிறகு வாசலைக் காட்டினார். வாசலில் மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, வேறொன்றுமில்லை.

"குடுத்தது தப்பாப்பா? ஒங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டாள்.

கையை இழுத்துக்கொண்டார். மறுபடியும் வாசலைக் காட்டினார்.

"அப்ப என்னதான் வேணும்பா? எனக்குத் தெரியலையே" என்று அவள் அழுதுவிட்டாள். அவரும் அழுதார். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து அழுவதைச் செபமாலையம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

கபிரியேல் வந்தபோது மழை பிடித்திருந்தது. ஃபாக்டரி இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டில் கரண்ட் இருந்தது. கை காலைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தான். நேரே மூன்றாவது ஸ்பூலைத்தான் மாட்டினான். பீர்மேடுதானே!

விசில், கைதட்டல், யாரோ கண்ணாடி கிளாஸை உடைக்கிற சத்தம். பிறகு ஞானஜோதி.

"எல்லாரும் வந்துட்டீகளா? வராதவுக கைதூக்குங்க!"

சபை சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான். கொஞ்சம் மூக்கால் சிரிக்கிற, கடைசியில் இருமலாக முடிகிற அதே சிரிப்பு. மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். செபமாலையம்மாள் வெந்நீர்ச் சட்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தவள், சட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அங்கேயே நின்றாள்.

பாட்டுகள் வந்தன. கிதார் அலறியது. கம்பி அறுந்த பாட்டு வந்தபோது கபிரியேல், "இப்ப, இப்ப" என்று விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தான். கம்பி அறுந்தது. தானே அறுத்ததுபோல் பெருமையாக மேரியைப் பார்த்தான். ஒரு அரைமணி நேரம் அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சுவக்கீனைத் தவிர. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கை அசையாமல் மடியில் கிடந்தது.

பீர்மேடு முடிந்தது. சின்னையன் சொன்ன வால் தொடங்கியது. மழைச் சத்தம். அதற்குமேல் மைக்கின் இரைச்சல்.

"நிப்பாட்டிறட்டா? இது நல்லாருக்காது" என்றான் கபிரியேல்.

"இருக்கட்டும்" என்றாள் மேரி.

ஞானஜோதி பாடினான். தொண்டை கட்டித்தான் இருந்தது. இரண்டு வரி போவதற்குள் பாட்டு நின்றது.

"ஏய், யாருய்யா அது? மேடையில ஏறாதீக, ஷாக் அடிக்கும்!" என்றது ஒரு குரல்.

"விடுடா. எங்கப்பா" என்றான் ஞானஜோதி.

கபிரியேல் மிஷினைப் பார்த்தான், பிறகு நாற்காலியைப் பார்த்தான். மைக்கின் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். மலையேறி வந்தவரின் மூச்சு.

"ஞானம்."

அந்தக் குரலை அந்த எஸ்டேட்டில் தெரியாதவர்கள் கிடையாது.

"ஞானம், அப்பா வந்திருக்கேன்யா. நான் சொன்னது தப்பு. கிதாரையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா ராசா. நீ பாடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அம்மா சாப்பிடாமக் கெடக்கா. அவ மொகத்தை என்னால பாக்க முடியல. அப்பா கையெடுத்துக் கும்பிடுதேன். வாரியா?"

மழை பெய்தது. அதைத்தவிர வேறு சத்தமில்லை.

"அப்பா" என்றான் ஞானஜோதி. "நான்..."

நாடா தீர்ந்தது. நிறைந்த ஸ்பூல் சுற்ற, நாடாவின் வால் டப் டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் கை எழவில்லை.

முதலில் அசைந்தவன் கபிரியேல். சுவக்கீன் மத்தியானம் எதைக் காட்டினார், எதற்காக வாசலைக் காட்டினார் என்பதெல்லாம் அவனுக்கும் மேரிக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"மாப்பிள்ளை அழைப்பு தொடங்கியிருக்குமா?" என்றாள் மேரி.

"தெரியல. சின்னையண்ணன் கையில நாலு ஸ்பூலு இருக்கு. எதை மொதல்ல மாட்டுவாரோ. நான்தான் மேரி, நான்தான் அந்த நாலாவதை வேணாம்னேன்." செருப்பைத் தேடினான், கிடைக்கவில்லை. "கடைசி பஸ்ஸு போயிருச்சு. பங்களாவுல போன் இருக்கு. துரை விட்டா போடிக்கு டிரங்க் கால் போட்டுப் பாக்கேன். இல்லாட்டி ரோட்டுல நின்னு லாரியக் கைகாட்டுதேன்."

வெறுங்காலோடு மழையில் இறங்கி ஓடினான். பங்களாவுக்கு அந்த இருட்டுகிற மழையில் ஏற்றம் ஏறிப் போக வேண்டும். டிரங்க் கால் கிடைக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் யாராவது போனை எடுத்து, நாதஸ்வரத்துக்கு மேலே கத்திச் சின்னையனைக் கூப்பிட வேண்டும். மேரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

உள்ளே ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். வெந்நீர்ச் சட்டி கவிழ்ந்து தரையெல்லாம் தண்ணீர். செபமாலையம்மாள் அதை மிதித்துக்கொண்டு போய் நாற்காலியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

"அன்னைக்கு நனைஞ்சு வந்து நின்னீகளே" என்றாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு புருஷனிடம் நேராகப் பேசுகிறாள். "லயத்துல சாகக் கெடக்கவனுக்குச் செபம் சொல்லப் போனேன்னீகளே. நான் ஒரு துண்டுகூட எடுத்துக் குடுக்கலையே. ஏன் சொல்லல? ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

சுவக்கீன் வாயைத் திறந்தார். உதடு கோணியது. மத்தியானம் வந்த அதே உறுமல்தான் வந்தது. பேசுகிற வாய் இருந்த நாலு வருஷமும் சொல்லாமல் வைத்திருந்ததை, இனி எந்த வாயால் சொல்வது?

செபமாலையம்மாள் அவருடைய இடது கையைப் பிடித்தாள். அவளுக்கு அந்தக் கையின் பாஷை தெரியாது. இதுவரை அவள் அதைக் கேட்டதே இல்லை.

"மேரி, இதுல எப்படிக் கேக்கணும்?"

"ஆமாம்னா அழுத்துவாரும்மா."

"எம்புள்ள என்ன சொன்னான்? வாரேன்னு சொன்னானா?"

கை அழுத்தியது. அம்மாவின் முகம் ஒரு நொடி மலர்ந்ததை மேரி பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"வரமாட்டேன்னு சொன்னானா?"

கை அதே மாதிரி அழுத்தியது.

செபமாலையம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். மேரி நடுங்குகிற அந்த விரல்களையே பார்த்தாள். ஃபாக்டரிச் சங்கு ஊதியது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்று, வீட்டில் கரண்ட் போயிற்று. டப் டப் என்று அடித்துக்கொண்டிருந்த நாடாவும் மெல்ல நின்றது.

இருட்டில், அந்தக் கையை விடாமல், செபமாலையம்மாள் முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் கேட்க ஆரம்பித்தாள்.